ஏரி கடக்காத வெளிமான்கள்

“போங்க! நின்னு என்னத்தப் பார்க்கறீங்க? போய்த் தொலைங்க!”

சீமைக் கருவேலம் புதருக்குப் பின்னால் படுத்துக்கொண்டு சுழியன் பல்லைக் கடித்தான். வாய்க்குள்ளேயேதான் திட்ட முடிந்தது. சத்தமாகத் திட்டினால் அகப்பட்டுக்கொள்வான்.

எதிரே காய்ந்த ஏரி. அதன் விளிம்பில் முப்பது வெளிமான்கள் நின்றன. ஏரியின் மேல் விடிகாலை மூட்டம் படுத்திருந்தது. அது கலைவதற்குள் அக்கரைக்கு ஓடிவிட வேண்டும். கலைந்துவிட்டால் நடு மேட்டில் இருக்கும் நாய்களுக்குக் கண் தெரிந்துவிடும். இது முப்பதுக்கும் தெரியும். ஆனாலும் ஒன்றுகூட நகரவில்லை.

காரணம் சுழியன்தான்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டம் தொடங்குமுன் ஒவ்வொரு மானும் முன்னங்காலால் தரையில் ஒரு தட்டுத் தட்டும். ‘நான் இருக்கிறேன்’ என்று அதற்கு அர்த்தம். எல்லாத் தட்டும் விழுந்த பிறகுதான் தலைவி வரிச்சி முதல் அடி எடுத்து வைப்பாள். இன்றைக்கு முப்பது தட்டு விழுந்தது. முப்பத்தொன்றாவது, சுழியனின் தட்டு, விழவில்லை. ஒருவன் தட்டாவிட்டால் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்று சுழியன் கணக்குப் போட்டிருந்தான். அவர்கள் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தார்கள்.

இந்தக் கோடை தொடங்கும் வரை கூட்டத்துக்கு முன்னால் ஓடியவன் அவன். முன்னால் ஓடுகிறவனுக்குத்தான் யாரும் இன்னும் மூச்சு விடாத காற்று கிடைக்கும். அந்தக் காற்றுக்காகவே ஓடினான். இரண்டு மாதத்துக்கு முன் முன்னங்கால் ஒரு கம்பிச் சுருக்கில் மாட்டியது. இழுத்து இழுத்துப் பிய்த்துக்கொண்டு வந்தான். புண் ஆறியது. நொண்டல் போகவில்லை.

அக்கரை அவன் பிறந்த இடம். அங்கே அறுகம்புல் கிடக்கிறது, கணுக்கால் மறையும் அளவுக்கு. இந்தக் கரையில் கருவேலந்தான். அதன் அடியில் ஒரு புல்கூட முளைக்காது. ஒரு ஊற்று மட்டும் வற்றாமல் இருக்கும். அதை நம்பித்தான் ஒவ்வொரு கோடைக்கும் இந்தப் பக்கம் வருவார்கள். மழைக்கு முன் திரும்பிவிடுவார்கள். இப்போது மேற்கே மலையில் மழை பிடித்துவிட்டது. இன்றோ நாளையோ ஏரிக்குள் தண்ணீர் இறங்கிவிடும். இறங்கினால் மொத்த ஏரியும் சேறு. குளம்பு புதையும். பிறகு அடுத்த கோடை வரை வழி கிடையாது.

இவ்வளவும் தெரிந்துதான் சுழியன் ஒளிந்திருந்தான். தினமும் கனவில் அக்கரைக்கு ஓடிக்கொண்டிருந்தவன், ஓட வேண்டிய நாளில் புதருக்குள் படுத்திருந்தான்.

“இதோ இருக்கான்! இதோ இருக்கான்! இதோ இருக்கான்!”

தலைக்கு மேலே ஆள்காட்டிக் குருவி சுற்றிச் சுற்றிக் கத்தியது.

“வாயை மூடு! உனக்கு வேற வேலையே இல்லையா?”

“இதுதான் என் வேலை!” என்றது குருவி. “இதோ இருக்கான்!”

வரிச்சி வந்துவிட்டாள். கூடவே மொட்டையன். ஒரு கொம்பு முறிந்தவன், சுழியனின் கூட்டாளி.

“என்னடா இது? ஒளிஞ்சு விளையாடுற வயசா?” என்றாள் வரிச்சி.

“நான் வரலக்கா. கால் வலிக்குது.”

“வலிக்குதுன்னா வலிக்குதுன்னு சொல்லு. அதுக்கு ஏன் புதருக்குள்ள போய்ப் படுத்திருக்க?”

“நான் வந்தா உங்க வேகம் குறையும். நாய் பிடிச்சுடும். என்னால யாரும் சாக வேண்டாம்.”

மொட்டையன் விழுந்து விழுந்து சிரித்தான். “கேட்டியாக்கா? மச்சான் தியாகி ஆயிட்டாரு! மாலை எங்க, மாலை?”

“சிரிக்காதடா!”

“சிரிக்காம? டேய், நாம என்னைக்குடா நம்ம வேகத்துல ஓடினோம்? குட்டிங்க வேகத்துலதான் ஓடுறோம். நீ எப்பவும் முன்னாடியே ஓடினவன். பின்னாடி என்ன நடக்குதுன்னே உனக்குத் தெரியாது!”

சுழியனுக்கு முகம் சுண்டிப்போனது. அது உண்மை. அவன் ஒருநாளும் பின்னால் இருந்ததில்லை.

“நேரம் போகுது. கேட்டுக்கோ,” என்றாள் வரிச்சி. “நடுவுல, குட்டிங்களோட ஓடு. மொட்டையன் உனக்கு முன்னாடி ஓடுவான். அவன் வாலை மட்டும் பாரு. நாய் வரலாம், குலைக்கலாம், பேசலாம். அதை ஓரத்துல ஓடுறவங்க பார்த்துப்பாங்க. உன் வேலை அந்த வால் மட்டும்தான். என்ன ஆனாலும் பிரியாதே. ஒருத்தன் திரும்பினா மொத்தக் கூட்டமும் அவன் பக்கம் திரும்பும். நம்ம கால் அப்படித்தான் பழகியிருக்கு.”

“இவன் வாலையா? அதுல பார்க்க என்னக்கா இருக்கு?”

“அழகா இருக்கும் மச்சான், பாரு!” என்று மொட்டையன் வாலை ஆட்டிக் காட்டினான்.

சுழியன் எழுந்தான். நொண்டிக்கொண்டே போய் நடுவில் நின்றான். முன்னங்காலால் தரையில் தட்டினான். அவ்வளவுதான், வரிச்சி பாய்ந்தாள்.

முப்பத்தொரு மான்கள் ஓடின.

வெடித்த மண் குளம்படியில் நொறுங்கியது. சுழியன் வாலைப் பார்த்தான். வெள்ளையாக, குட்டையாக, மேலும் கீழும் குதித்துக்கொண்டிருந்தது. முதலில் கால் சுரீர் சுரீர் என்றது. பிறகு வலியை நினைக்க நேரம் இல்லை. இரண்டு பக்கமும் உடம்புகள். அவற்றின் சூடு அவன் விலாவில் பட்டது. முன்னால் ஓடிய காலத்தில் இந்தச் சூடு இருப்பதே அவனுக்குத் தெரியாது. இவ்வளவு நாளும் எதற்காக ஏங்கினோம் என்று அவனுக்கே குழப்பமாகிவிட்டது. அந்தக் காற்றுக்கா, இதற்கா?

பக்கத்தில் ஓடிய குட்டி கத்தியது. “மாமா! நீங்களும் என் வேகம்தான்!”

“பேசாம ஓடு!” என்றான் சுழியன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நடு மேடு வந்தது. காத்திருந்ததில் நேரம் போயிருந்தது. மூட்டம் பாதி கலைந்துவிட்டது. மேட்டில் நான்கு நாய்கள் எழுந்து நின்றன.

ஒன்றாக ஓடும் கூட்டத்துக்குள் நாய் நுழையாது. கொம்பு குத்தும் என்று பயம். பிரிந்து ஓடுவதைத்தான் பிடிக்கும். அதனால் நாய்கள் முதலில் பேச்சால்தான் கடிக்கும்.

“அடேய், அங்க பாரு, நொண்டி!” என்று கத்தியது பெரிய நாய். “ஏய் நொண்டி! உனக்காகத்தான எல்லாரும் மெதுவா ஓடுறாங்க? வெட்கமா இல்ல?”

“குட்டிங்க சாகப்போகுது! எல்லாம் உன்னாலதான்!” என்றது இன்னொன்று.

ஓரத்தில் ஓடிய கிடாக்கள் கொம்பைத் தாழ்த்தின. நாய்கள் நாலடி பின்வாங்கின. மறுபடி வந்தன. மறுபடி பின்வாங்கின. எல்லாம் எப்போதும் நடக்கிற மாதிரிதான் நடந்துகொண்டிருந்தது. சுழியனுக்குத்தான் அது தெரியாது.

“வால்! வாலைப் பாருடா!” முன்னால் இருந்து வரிச்சியின் குரல் வந்தது.

அக்கரை தெரிந்தது. பச்சையாகத் தெரிந்தது. புல் வாசமே வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச தூரம். அப்போதுதான் சுழியன் இடது பக்கம் பார்த்தான். பெரிய நாய் கிடாக்களுக்கு ஓரமாக, பல்லைக் காட்டிக்கொண்டு ஓடி வந்தது. அவன் கண்ணுக்கு அது குட்டியின் கழுத்துக்குப் பக்கத்திலேயே இருப்பது போல் இருந்தது.

‘என்னைத்தான கேட்கிறான்? நான் போறேன். இவங்க போய்ச் சேரட்டும்.’

சுழியன் திரும்பிப் பாய்ந்தான்.

கூட்டமும் திரும்பியது.

குட்டி திரும்பியது, அதன் தாய் திரும்பினாள், கிடாக்கள் திரும்பின. கடைசியில் வரிச்சியும் திரும்பினாள். முப்பது பேரும் அவன் பின்னால் வந்தார்கள். நாய்களே ஒரு நொடி திகைத்துப்போயின. அடுத்த நொடி நான்கும் சுற்றிக்கொண்டு போய் அக்கரைக்குக் குறுக்கே நின்றுவிட்டன. வழி அடைபட்டது. கலைந்துபோன கூட்டத்தை மறுபடி சேர்த்துக்கொண்டு வரிச்சி வந்த வழியே ஓட்டினாள். கருவேலம் புதருக்குள் வந்து விழுந்தபோது எல்லோருக்கும் நுரை தள்ளியது.

சாவு இல்லை. மொட்டையனின் தொடையில் மட்டும் ஒரு பெரிய கடி. இப்போது நொண்டி இரண்டு பேர்.

மறுநாள் ஏரிக்குள் தண்ணீர் இறங்கியது.

அதற்குப் பிறகு பேச என்ன இருக்கிறது? கருவேலங்காயைத் தின்றார்கள். குட்டிகளுக்குப் பால் குறைந்தது. சாயங்காலமானால் அக்கரைக் காற்று புல் வாசத்தைக் கொண்டு வரும். எல்லோரும் தண்ணீர் ஓரமாகப் போய் நின்று மூக்கைத் தூக்கி அதை இழுப்பார்கள். வேறு ஒன்றும் செய்ய முடியாது. சுழியனை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

ஒருநாள் அந்தக் குட்டி கேட்டது. அது இந்தக் கோடையில் இங்கே பிறந்தது. “மாமா, புல்லுன்னா எப்படி இருக்கும்?”

சுழியன் அக்கரையைப் பார்த்தான். எழுந்து வரிச்சியிடம் போனான்.

“அக்கா, நான் உங்களைக் காப்பாத்தத்தான் திரும்பினேன்.”

“தெரியும்டா,” என்றாள் வரிச்சி. “ஆனா நாங்க உன்னை விட்டுட்டுப் போயிடுவோம்னு நினைச்சாத்தான் அப்படித் திரும்ப முடியும். அப்படியாடா எங்களை நினைச்ச?”

சுழியன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பக்கத்தில் நகர்ந்து நின்று, மொட்டையனும் அதையே பார்த்தான்.

கூட ஓடுகிறவர்களை நம்பாமல் செய்யும் தியாகம் அவர்களையும் சேர்த்தே கெடுக்கும். சுழியனுக்குச் சொன்னது முன்னால் போகும் வாலை மட்டும் பார்த்து ஓடு என்பதுதான், அதை அவன் செய்யவில்லை.