மாமனார் கைக்குப் போன பூசணிக்காய்

மாதையனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஏரிக்கு அக்கரையில் இருந்த மாமனார் தொப்பையன் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார்.

"விருந்துக்குப் பூசணிக்காய் உன் பொறுப்பு, மாப்ளே. உச்சிப்பொழுதுக்குள்ள ஒண்ணுகூடக் குறையாம என் கைக்கு வரணும். இல்லேன்னா பொண்ணை மறந்துடு."

காய்களைப் பரிசலில் ஏற்றிக்கொண்டு, கூட்டாளிகள் காளியப்பனோடும் புட்டனோடும் மாதையன் கிளம்பினான். யார் துடுப்புப் போடுவது என்ற தகராறில், கரையை விட்டுக் கிளம்பிய கையோடு துடுப்பு தண்ணீரில் விழுந்து எட்டாத தூரம் போய்விட்டது. பரிசல் அப்படியே நின்றது.

கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர் கத்தினார்: "எதையாவது பின்னால வேகமா வீசுங்கடா! பரிசல் முன்னால போகும்!"

சரியான யோசனை. படித்தவர்களும் மறுக்கமாட்டார்கள்.

"வீசினா காய் குறையுமே," என்றான் மாதையன்.

"நான் பின்னால நின்னு பிடிச்சுக்கறேன். எப்படிக் குறையும்?" என்றான் காளியப்பன்.

மாதையன் வீசினான், பரிசல் முன்னால் நகர்ந்தது. காளியப்பன் பிடித்தான்; நின்றது. காயை அவன் திருப்பி வீச, பரிசல் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது.

புட்டன் ஆழ்ந்து யோசித்தான். "நீ பிடிக்கிறது பரிசலுக்குத் தெரிஞ்சுபோகுது. கண்ணை மூடிக்கிட்டுப் பிடி."

காளியப்பனுக்கு மூக்கு வீங்கியதுதான் மிச்சம். பரிசல் ஏமாறவில்லை.

பொழுது ஏறியது. காயைக் காணாத தொப்பையன், கொதித்துப்போய்த் தானே பரிசலில் வந்தார். வந்த வேகத்தில் மோதினார். மூன்று ஆளும் ஒரு குவியல் காயும் சேர்ந்த கனம் அவர் ஒருவருக்கே உண்டு. ஆகையால் அவர் பரிசல் மோதிய இடத்திலேயே நின்றுவிட, இவர்கள் பரிசல் அவருடைய வேகத்தை வாங்கிக்கொண்டு புறப்பட்ட கரைக்கே திரும்பியது. மோதலில் அவர் துடுப்பும் தண்ணீரில் விழுந்து போயிற்று.

"இடிச்சுட்டு எங்க மாமா ஓடுறீங்க?" என்று மாதையன் கேட்டான்.

"நான் நிக்கிறேன்டா! நீதான் போற!"

"நான் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையலையே! காளியப்பன்கூட என் பக்கத்துலயேதான் இருக்கான்."

கரை வந்து முட்டியது. மாதையன் சூரியனைப் பார்த்தான். உச்சிப்பொழுது நெருங்கியிருந்தது.

"மாமா, பிடிங்க!"

ஒவ்வொரு காயாக வீசினார்கள். ஒவ்வொன்றையும் பிடிக்கப் பிடிக்க மாமனார் கொஞ்சம் கொஞ்சமாக அக்கரைப் பக்கம் நகர்ந்தார். கடைசிக் காயும் போய்ச் சேர்ந்தது.

"ஒண்ணுகூடக் குறையலையே மாமா? கல்யாணம் உறுதிதானே?"

தொப்பையன் இருப்பதிலேயே பெரிய காயைத் தூக்கி, மாதையன் மண்டையைக் குறிபார்த்து வீசினார். அடுத்து இன்னொன்று. வீச வீசப் பரிசல் அவரை வீட்டுக்குக் கொண்டுபோனது.

ஒரு காயை நெஞ்சோடு அணைத்துப் பிடித்த மாதையனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பார்த்தியாடா காளியப்பா? தாலி கட்டுறதுக்கு முன்னாலயே மாமா சீர் அனுப்ப ஆரம்பிச்சுட்டாரு!"