மூலையில் நின்றவர்

இந்த ஆட்டங்களை நான் நேரில் பார்க்கவில்லை. அவற்றில் ஆடிய தவசி சொல்லித்தான் எனக்குத் தெரியும். கூடைப்பந்து விதிகளும் எனக்கு அரைகுறைதான். தவறு ஏதாவது இருந்தால் அது என்னுடையது, அவனுடையது இல்லை.

தேனியில் ஒரு கோடை. இறுதிப் போட்டி மூன்று ஆட்டங்கள். இரண்டை வெல்கிற அணிக்குக் கோப்பை. ஒரு பக்கம் மதுரையிலிருந்து வந்த வைகை அணி. மறுபக்கம் உள்ளூர்க்காரர்களின் முல்லை அணி.

முல்லை அணியின் நட்சத்திரம் சகாயராஜ். வயது முப்பத்தேழு. ஓடிவந்து எம்புவார். உச்சியில் ஒரு கணம் அப்படியே நின்று பந்தை விடுவார். அந்த எம்பலைப் பார்ப்பதற்கென்றே சவுக்குக் கட்டை கேலரி நிறையும். ஆனால் இந்தக் கோப்பையை அவர் வென்றதே இல்லை. நான்கு முறை இறுதிக்கு வந்து நான்கு முறையும் தோற்றவர். முழங்கால் தேய்ந்துவிட்டது. இதுதான் கடைசி என்று அணியில் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

பயிற்சியாளர் பெயர் நாச்சியார். அரசுப் பள்ளியில் பி.டி. டீச்சர். சகாயராஜைவிட ஆறு வயது இளையவர். சகாயராஜ் அவரை டீச்சர் என்று கூப்பிடுவார். டீச்சர் சகாயராஜை அண்ணே என்று கூப்பிடுவார்.

முதல் ஆட்டத்தில் வைகை அணி சகாயராஜைத் தடுக்க இரண்டு பேரைப் போட்டது. அதில் ஒருவன் இஷாக். இருபத்தொரு வயது, ரப்பர் உடம்பு. சகாயராஜ் எம்பினார். இஷாக் அவருக்கும் மேலே எம்பிப் பந்தைத் தட்டிவிட்டான். மறுபடி எம்பினார். மறுபடி தட்டினான்.

"சகாயம் அண்ணே, லிஃப்ட்டு ரிப்பேரா?" என்று கேலரியில் ஒருவர் கேட்டார்.

மதுரைக்காரர்களோடு உள்ளூர்க்காரர்களும் சிரித்தார்கள். பதினான்கு புள்ளி வித்தியாசத்தில் முல்லை அணி தோற்றது.

மறுநாள் காலை சகாயராஜ் முழங்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு வந்தார்.

"டீச்சர், இன்னைக்கும் தோத்தா முடிஞ்சுபோச்சு. நான் எதை மாத்தணும்?"

"டீ குடிச்சீங்களா?"

"நான் கேட்டது என்ன, நீங்க சொல்றது என்ன?"

"வாங்கண்ணே."

மைதானத்தில் வைகை அணி பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தது. இருப்பது ஒரே களம். ஓர் அணி பயிற்சி எடுக்கும்போது இன்னோர் அணி அந்தப் பக்கம் போகாது. சட்டம் ஒன்றும் இல்லை, ஒரு மரியாதை. டீச்சர் அந்த மரியாதையைத் தாண்டிப் போய், கூடைக் கம்பத்துக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் படியில் சகாயராஜை உட்காரவைத்தார். ஒரு கிளாஸ் டீயைக் கையில் கொடுத்தார். தானும் ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். தவசிக்கும் ஒரு கிளாஸ் கிடைத்தது. முல்லை அணியில் பந்தை முன்னே கொண்டுபோகிறவன் அவன்.

"டீச்சர், இது நல்லா இல்லை. வேவு பார்க்க வந்த மாதிரி இருக்கு."

"அப்ப அங்க பார்க்காதீங்க. டீயைப் பாருங்க."

சகாயராஜ் டீயைப் பார்த்தார். இஷாக் சகாயராஜைப் பார்த்தான். அவனுக்கு வந்த பந்து தோளில் பட்டு உருண்டு போனது. அடுத்தவன் கூடையை நோக்கி ஓடும்போதே திரும்பிப் பார்த்தான். அவன் போட்ட பந்து வளையத்தின் அடியில் மோதித் திரும்பியது. வைகை பயிற்சியாளர் விசில் ஊதினார்.

"டேய், பந்து இங்கதான்டா இருக்கு. அங்க என்ன, படமா ஓடுது?"

சொல்லிவிட்டு அவரும் ஒரு தடவை படிப்பக்கம் பார்த்தார்.

டீ தீர்ந்தது.

"அண்ணே, இவ்வளவு நேரம் நீங்க என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யலையே."

டீச்சர் கிளாஸை வாங்கிக்கொண்டு எழுந்தார்.

"சாயங்காலமும் அதையே செய்யுங்க."

சாயங்காலம் இரண்டாம் ஆட்டம். விசில் ஊதியதும் சகாயராஜ் நேராக வலது மூலைக்குப் போனார். எல்லைக் கோட்டுக்குள்ளே, கூடையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க முடியுமோ அவ்வளவு தள்ளி, இடுப்பில் கைவைத்து நின்றார். இஷாக்கும் இன்னொருவனும் பின்னாலேயே போய் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள்.

"அண்ணே, ஆட வரலையா?" என்றான் இஷாக்.

"ஆடிக்கிட்டுத்தான் இருக்கேன் தம்பி."

"பந்து அங்க இருக்குண்ணே."

"நீ வேணும்னா போய்ப் பாரு."

இஷாக் போகவில்லை.

களத்தின் நடுப்பகுதி காலியாகக் கிடந்தது. முல்லை அணியின் நான்கு பேரைத் தடுக்க வைகை அணியில் மூன்று பேர்தான் மிச்சம். தவசி உள்ளே புகுந்தான். போட்டான். அடுத்த முறை இடது பக்கம் பந்தைத் தள்ளினான். அங்கே நின்றவனைத் தடுக்க ஆளே இல்லை. அதுவும் உள்ளே. வைகை அணி மூச்சு வாங்குவதற்குள் இன்னொன்று. தனக்கு அன்று கால் தரையில் பட்டதாகவே நினைவில்லை என்கிறான் தவசி.

கேலரிக்கு மட்டும் திருப்தி இல்லை.

"சகாயம் அண்ணே, அந்த ஸ்டாப்புல பஸ் நிக்காது."

மைக்கில் அறிவிப்புச் செய்தவர் கண்ணுச்சாமி. கூடை போட்டவர் பெயரை இழுத்து இழுத்துச் சொல்வது அவர் வழக்கம். அன்று தவசியின் பெயரை இழுத்தார், மற்றவர்கள் பெயரை இழுத்தார். பதினாறு வருடமாக அவர் அதிகம் இழுத்த பெயர் வரவே இல்லை.

இடைவேளையில் சகாயராஜ் தண்ணீரை வாங்கிக் குடிக்காமல் வைத்திருந்தார்.

"டீச்சர், மைக்ல என் பேர் ஒரு தடவைகூட வரலை."

"வந்துச்சே. ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாடி வாசிச்சாங்களே."

தவசி சிரித்தான். சகாயராஜ் சிரிக்கவில்லை.

இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில், யாரோ தட்டிவிட்ட பந்து மூலைக்கு உருண்டு அவர் கைக்கே வந்தது. "எம்பு, எம்பு" என்று கேலரி முழுவதும் எழுந்து நின்றது. சகாயராஜ் எம்பினார். இஷாக் அதற்காகத்தான் அவ்வளவு நேரம் காத்திருந்தவன் போலப் பந்தைத் தட்டி, அதைத் துரத்திக்கொண்டு ஓடி, மறுமுனையில் கூடையில் போட்டுவிட்டுத் திரும்பினான். அடுத்த முறை சகாயராஜ் பந்தைக் கேட்டு வாங்கி எம்பினார். அதுவும் போனது.

டீச்சர் அவரை வெளியே கூப்பிட்டு பெஞ்சில் உட்காரவைத்தார். 

பெஞ்சிலிருந்து சகாயராஜ் பார்த்தார். அவர் இல்லாததால் இஷாக் அவிழ்த்துவிட்ட காளை மாதிரி நடுக்களத்துக்கு வந்தான். தவசி எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே ஒரு கை இருந்தது. பத்துப் புள்ளி முன்னிலை ஐந்தானது. ஐந்து ஒன்றானது. மதுரைக்காரர்கள் தகர டப்பாவைத் தட்டத் தொடங்கினார்கள்.

"அனுப்புங்க டீச்சர்."

"எதுக்கு?"

சகாயராஜ் களத்தைப் பார்த்தார். பிறகு மூலையைப் பார்த்தார்.

"நிக்கிறதுக்கு."

ஆள் மாற்றச் சொல்லி டீச்சர் ஸ்கோர் எழுதுகிற மேசைப் பக்கம் கையைக் காட்டினார். சகாயராஜ் உள்ளே போய் மூலையில் நின்றார். இஷாக் முணுமுணுத்துக்கொண்டே அவருக்குப் பின்னால் போனான். தவசிக்கு வழி திறந்தது. முல்லை அணி ஆறு புள்ளியில் வென்றது.

மறுநாள் மூன்றாம் ஆட்டம். கேலரியில் உட்கார இடமில்லாமல் வேப்பமரத்தில் ஏறியிருந்தார்கள்.

வைகை பயிற்சியாளர் விவரமானவர். அன்று அவர் மூலைக்கு ஆளே அனுப்பவில்லை. சகாயராஜ் தனியாக நின்றார். நடுக்களத்தில் ஐந்து பேர் அடைத்துக்கொண்டு நிற்க, தவசியால் மூச்சுவிட முடியவில்லை. பாதி ஆட்டத்தில் முல்லை அணி ஒன்பது புள்ளி பின்தங்கியிருந்தது.

"டீச்சர், நான் நிக்கிறேன். யாரும் வரலை."

"ஒருத்தர்கூடவா?"

"ஒருத்தர்கூட இல்லை. பந்து என் கைக்கு வந்தாலும் இஷாக் தள்ளியே நிக்கிறான். எம்பினா பார்த்துக்கலாம்னு இருக்கான்."

"எம்புறது எதுக்கண்ணே?"

"என்ன டீச்சர் கேள்வி இது? தடுக்கிறவன் கைக்கு மேல போறதுக்கு."

"எவன் கைக்கு மேல?"

சகாயராஜ் ஆளில்லாமல் கிடந்த மூலையைத் திரும்பிப் பார்த்தார். 

ஆட்டம் மறுபடி தொடங்கியது. தவசி வழியில்லாமல் பந்தை மூலைக்கு வீசினான். சகாயராஜ் பிடித்தார். இரண்டு காலும் தரையில் இருந்தன. நெஞ்சுக்கு நேரே பந்தை வைத்து, இரண்டு கையாலும் மேலே தள்ளினார். டீச்சரின் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அப்படித்தான் போடுவார்கள்.

கேலரி வெடித்துச் சிரித்தது. "அண்ணே, ஆறாப்புல அட்மிஷன் போட்டாச்சா?"

பந்து வலைக்குள் இறங்கியது. அவ்வளவு தூரத்திலிருந்து போட்டால் மூன்று புள்ளி. கண்ணுச்சாமியும் சிரித்துக்கொண்டிருந்ததால் பெயர் சொல்லத் தாமதமானது.

மறுபடி பந்து மூலைக்குப் போனது. அதே மாதிரி இரண்டு காலும் தரையில். மறுபடி உள்ளே. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

மூன்றாவது முறை பந்து அவரிடம் போகும்போது இஷாக் ஓடிவந்தான். சகாயராஜ் கையில் பிடித்த பந்தை அதே வேகத்தில் தவசிக்குத் திருப்பினார். இஷாக் விட்டுவந்த இடம் வழியாகத் தவசி உள்ளே போனான். அதற்குப் பிறகு வைகை அணிக்கு நிம்மதியே இல்லை. மூலைக்கு ஆள் போனால் தவசி. போகாவிட்டால் சகாயராஜ். இஷாக் அங்கும் இங்குமாக ஓடி ஓடிக் களைத்தான். வைகை அணியும் விடவில்லை. இவர்கள் ஒன்று போட்டால் அவர்கள் ஒன்று போட்டார்கள். மரத்தில் இருந்தவர்கள் கிளையைக் குலுக்கினார்கள்.

கடைசிப் பந்து. முல்லை அணி ஒரு புள்ளி பின்னால். கடிகாரத்தில் ஐந்து நொடி. பந்து தவசி கையில். இஷாக் அவனுக்கும் மூலைக்கும் நடுவே, ஒரு கால் இங்கே ஒரு கால் அங்கே என்று நின்றான்.

சகாயராஜ் மூலையில் வலது கையை உயரத் தூக்கினார்.

"தவசி, குடு."

இஷாக் மூலைக்குப் பாய்ந்தான். இன்னொருவனும் பாய்ந்தான். தவசிக்கும் கொடுக்கத்தான் கை போனது. ஆனால் எதிரே ஆளே இல்லாமல் கூடை தெரிந்தது. இரண்டு எட்டு வைத்தான். பந்து பலகையில் பட்டு வலைக்குள் விழுந்தது. மணி அடித்தது.

கேலரி மொத்தமும் களத்துக்குள் இறங்கியது. தவசியைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். கண்ணுச்சாமி அவன் பெயரை இழுத்த இழுப்பில் மைக் கீச்சிட்டது. தோள் மேலிருந்து தவசி பார்த்தபோது சகாயராஜ் மூலையில் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடியிருந்தார். டீச்சர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவனும் குதித்து இறங்கி அங்கே ஓடினான்.

கோப்பையைக் கொண்டுவந்து சகாயராஜின் மடியில் வைத்தார்கள். அவர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

"டீச்சர், எம்பாம போடுங்கன்னு முதல் நாளே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா சரின்னு சொல்லிட்டு எம்பியிருப்பீங்க."

தவசி சொன்னதில் ஒன்றை மட்டும் பின்னால் சரிபார்க்க முடிந்தது. கடைசிப் பந்தின்போது இரண்டு பேர் மூலைக்கு ஓடினார்கள் என்றான். கேலரியிலிருந்து ஒருவர் போனில் எடுத்த வீடியோ எனக்குக் கிடைத்தது. அதில் மூன்று பேர் ஓடுகிறார்கள். மூலையில் சகாயராஜ் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். தவசி போட்ட கூடை அந்த வீடியோவில் இல்லை.