பக்கோடா ஊறும் நேரம்

இருட்டிய பிறகு மடத்துச் சமையலறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

ணங்.

கொஞ்சம் பொறுத்து மறுபடியும், ணங்.

இலை முன்னால் உட்கார்ந்திருந்த கிழவர் காதைத் தீட்டிக்கொண்டார். "எலியா?"

"எலி மூடியைத் திறந்தா திருப்பி மூடாது," என்றபடி அந்த மடத்தின் பெண் குரு எழுந்தார்.

உள்ளே சாந்தநாயகி நின்றிருந்தாள். இடுப்பில் ஆறு மாதக் குழந்தை. கையில் கரண்டி. அடுப்பு அணைந்திருந்தது. சட்டியில் குழம்பு இருந்தது. பக்கோடா இல்லை. கடலை மாவுக் கூழ்தான் இருந்தது.

"இன்னிக்குமா?"

"ஊறிடுச்சான்னு பார்த்தேன்மா."

"பார்த்தா கரையாதே."

"கொஞ்சமாத்தான் குத்திப் பார்த்தேன்."

குரு கூழை விரலால் தொட்டு நக்கினார். "உப்பு சரி. காரம் சரி. சோம்பு மணக்குது. உன் கைதான் சரியில்லை."

கூடத்திலிருந்து கிழவரின் குரல் வந்தது. "எனக்குப் பல்லே இல்லைன்னு நினைச்சுச் சமைக்கிறாளோ என்னவோ. ரெண்டு இருக்குன்னு சொல்லுங்கம்மா."

குருவுக்கு அவளைவிட இரண்டு வயது குறைவு. ஒரு மாதத்துக்கு முன்னால் சாந்தநாயகி வந்து கேட்டது ஒன்றே ஒன்று.

"ராத்திரி தூங்கணும்மா. பிள்ளை மூச்சு விடுறானான்னு எழுந்து எழுந்து பார்க்கிறேன். மூக்குல விரல் வைக்கிறேன். அவன் முழிச்சு அழறான். அழுதாத்தான் எனக்கு உயிர் வருது. பால்கூடக் குறைஞ்சுபோச்சு."

குரு அன்றைக்குச் சொன்னதும் ஒன்றே ஒன்று.

"தினம் பக்கோடாக் குழம்பு வை. இறக்கினதும் பக்கோடாவைப் போட்டு மூடு. கால் மணி நேரம் தொடாதே. முழுசா வர்ற அன்னிக்குப் பேசலாம்."

அன்றிலிருந்து மடத்தில் எல்லாருக்கும் கூழ்.

சாந்தநாயகி கரண்டியை மேடையில் போட்டாள்.

"நான் சமையல் கத்துக்க வரலைம்மா. பயம் போக வழி கேட்டேன். உங்களுக்கு ஒரு பிள்ளை இருந்தாத் தெரியும்."

குரு அடுப்புமேடையைச் சுற்றிப் பார்த்தார்.

"பக்கோடா போடாத குழம்பு இருக்கா?"

"பாதி எடுத்து வச்சிருக்கேன். எப்படியும் கெடுப்பேன்னு தெரியுமே."

"மாவு?"

"இருக்கு."

"பொரி."

பொரித்தாள். குழம்பைக் கொதிக்கவிட்டு இறக்கினாள். பக்கோடாக்களைப் போட்டு மூடினாள்.

குரு இரண்டு கைகளையும் நீட்டினார். "அவனைக் கொடு."

அவள் கொடுத்தாள். குரு குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியே போனார்.

"எங்கம்மா போறீங்க?"

"எங்கேயும் இல்லை. கதவுக்கு இந்தப் பக்கம்."

"வெளியில பூட்டப் போறீங்களா?"

"வெளியில பூட்ட வழியில்லை. தாழ்ப்பாள் உன் பக்கம்தான்."

கதவு பாதி சாத்திக்கொண்டது. இடுக்கில் ஒரு கண் தெரிந்தது.

பிள்ளை அழுதான். கதவு திறந்தது.

"பசிக்குதோ என்னவோ..."

"இப்பத்தானே கொடுத்தே."

கதவு மறுபடி பாதி சாத்திக்கொண்டது.

அழுகை விம்மலானது. விம்மல் நின்றது. குருவின் தோளில் அசைவில்லை. சத்தமில்லை. இடுக்கில் இருந்த கண் அந்தச் சின்ன முதுகையே பார்த்தது. ஒரு விரல் வெளியே நீண்டது. பாதி வழியில் நின்றது.

குரு திரும்பிப் பார்க்கவில்லை.

விரல் உள்ளே போனது. கதவு முழுதாகச் சாத்திக்கொண்டது.

உள்ளே மூடி திறக்கும் ணங் சத்தம் வரவில்லை.

பிறகு, சாந்தநாயகி உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள்.