தலை தாழ்த்திய சாய்கழி

அந்தக் காலத்தில், மரமும் கயிறும் மனிதரோடு வாய்விட்டுப் பேசியபோது, வடிவாச்சிக்கு ஓர் அநியாயம் நடந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் அவளைக் கரையில் தவிக்கவிட்டது, அவள் கையால் தண்ணீர் குடித்து வளர்ந்த புன்னைமரம்.

அவள் புருஷன் மாசாணன் பாய்த்தோணி ஓட்டும் தண்டல். பாயின் மேல்விளிம்பைத் தூக்கிப் பிடிக்க ஒரு சாய்கழி வேண்டுமென்றான். முற்றத்துப் புன்னையை வெட்டக் கொடுத்தாள். புன்னையிடம் ஒரே நிபந்தனை.

"தம்பி, திரும்பி வரும்போது அவர் தோணியில் இருக்கிறாரா என்று தூரத்திலேயே சொல்லிவிடு. கரை தட்டும்வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது."

"சொல்கிறேன் அக்கா" என்றது புன்னை.

சொல்லவில்லை. முதல் பயணம் முடிந்து தோணி கண்ணில் பட்டதும், "ஏலே தம்பி, இருக்கிறாரா?" என்று தொண்டை கிழியக் கத்தினாள். கழி வானத்தைப் பார்த்து விறைத்து நின்றது. அடுத்த பயணத்திலும் அதே கதை. வாக்குக் கொடுத்தவன் ஊமையாவானாம், காத்திருப்பவள் பொறுத்துப்போக வேண்டுமாம். இது எந்த ஊர் நியாயம்?

மூன்றாம் பயணம் கிளம்பிய காலையில் விறுவிறுவென்று தோணியில் ஏறி, கழியின் நுனியைத் தூக்கி நிறுத்தும் கயிற்றை அவிழ்த்துவிட்டாள். பாய் சரிந்தது. கழியின் முகம் கரைப்பக்கம் திரும்பியது.

"அடியே, நல்ல காற்று போய்விடும்!" என்றான் மாசாணன்.

"போகட்டும். நிழலில் தூங்கியவர் நீங்கள், தண்ணீர் ஊற்றியவள் நான். இவன் எனக்குப் பதில் சொல்லட்டும்."

பாய்மரம் சிரித்தது. "இவனா? கடல் முழுக்க முனகல்தான். கரை வந்தால் மட்டும் பெரிய மனுஷன்!"

"திமிர் இல்லை அக்கா" என்றது கழி. "கரையைப் பார்த்தால் நான் நின்ற குழி தெரிகிறது. மறுபடி வேர்விடத் தோன்றுகிறது. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன்."

வடிவாச்சியின் கோபம் இறங்கவில்லை, குரல் மட்டும் இறங்கியது. "எனக்கென்ன, இங்கே வேர்விட்டு நிற்க ஆசையா? நீ பேச வேண்டாம். அவர் இருந்தால் தலையைத் தாழ்த்து, போதும்."

அந்தப் பயணத்தில் புயல் அடித்தது. போன தோணிகளில் பாதி திரும்பவில்லை. பதினேழாம் நாள் கிழிந்த பாயோடு ஒரு தோணி தெரிந்தது. கழி நிமிர்ந்தே வந்தது. வடிவாச்சி கத்தவில்லை. ஈரமணலில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் கழி, வலிக்கிற கழுத்தைத் திருப்புவதுபோல், மெல்ல மெல்லக் கரையை நோக்கிக் குனிந்தது.

அன்று முதல்தான், கரை நெருங்கும்போது பாய்த்தோணிகள் சாய்கழியின் நுனியைத் தாழ்த்துகின்றன. வேகத்தைக் குறைக்கத்தான் என்பார்கள் தண்டல்மார். கரையில் நிற்கிறவளுக்குத் தெரியும், அது சொல்வது: "இருக்கிறார், அக்கா."