விரியாத குடை

"அம்மா, கொஞ்சம் மெதுவாக நடக்கக் கூடாதா?"

இந்த ஒரு கேள்வியை மாசிலாமணி நான்கு மாதமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்தார். கேட்டுவிட்டால் தன் கதை முடிந்தது என்று அவருக்குத் தெரியும்.

ஏரிக்கரை மடத்தில் உட்கார்ந்து பாடம் கேட்கிற வழக்கம் கிடையாது. விடிந்ததும் குரு அபரஞ்சியம்மா கரைமேல் நடப்பார். பேசிக்கொண்டே நடப்பார். சீடர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஒட்டினாற்போலக் கூடவே போவார்கள். காதில் விழுந்தது பாடம். விழாதது போனது போனதுதான், திரும்பச் சொல்லமாட்டார்.

நடக்க முடியாதவர்களுக்கு அடுக்களையில் ஒரு பலகை உண்டு. அங்கே உட்கார்ந்து காய் நறுக்கலாம். அம்மாவின் குரு போட்டுவிட்டுப் போன முறை அது.

போன வருஷம் சொர்ணத்தம்மாள் முழங்கால் வீங்கிப் பலகைக்குப் போனாள். யாரும் அவளைக் குறைவாக ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் பாவம், மறுநாளிலிருந்து அவள் பூசணிக்காயோடுதான் பேசிக்கொண்டிருந்தாள்.

மாசிலாமணிக்கு அறுபத்து நான்கு வயது. அம்மாவைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். தபால் பையைத் தூக்கிக்கொண்டு முப்பது வருஷம் ஊர் ஊராக நடந்த கால். அந்தக் காலா இப்படிச் செய்யும்? வலது குதிகாலில் ஆணி இறங்கினாற்போல வலி. காலையில் முதல் அடி வைக்கும்போது கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வரும்.

மனைவி போன பிறகு அவருக்கு அந்தக் கரைப் பேச்சுதான் எல்லாம். அதையும் பறிகொடுத்துவிட்டு மனுஷன் என்ன செய்வார்?

ஒருநாள் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தார்.

"அம்மா, உடம்பு வலியை எப்படித் தாண்டுறது?"

"யாருக்கு வலி?"

"பொதுவாத்தான் கேட்டேன்."

"பொதுவா வலிக்காது ஐயா. யாருக்காவதுதான் வலிக்கும்."

சொல்லிவிட்டு அம்மா இன்னும் வேகமாக நடந்தார். மாசிலாமணி பல்லைக் கடித்துக்கொண்டு பின்னாலேயே போனார்.

டாக்டர் கைத்தடி வாங்கச் சொன்னார். கடைக்காரர் மூன்று தடிகளை எடுத்து வைத்தார்.

"இது பிரம்பு. கனமே தெரியாது."

"கிழவன் மாதிரி இருக்குமேப்பா."

"இது அலுமினியம். உங்க உயரத்துக்கு ஏத்தி இறக்கிக்கலாம்."

"ஆஸ்பத்திரியிலேருந்து எழுந்து வந்த மாதிரி இருக்கும்."

"அப்போ இதை எடுத்துக்குங்க. அடியில நாலு கால். மண்ணுல அசையாம நிக்கும்."

"எனக்கே ரெண்டு கால்தான். என் தடிக்கு எதுக்கு நாலு?"

கடைக்காரர் எத்தனை பேரைப் பார்த்திருப்பார். கோபித்துக்கொள்ளவில்லை. "வலி எந்தக் கால்ல?" என்று மட்டும் கேட்டார்.

"வலது."

"எதை வாங்கினாலும் இடது கையில பிடிங்க ஐயா. அதையாவது மறக்காம செய்யுங்க."

ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தார். பக்கத்துக் கடை வாசலில் நீளமான கறுப்புக் குடை ஒன்று தொங்கியது. வளைந்த மரப்பிடி. எடுத்து இடது கையில் ஊன்றிப் பார்த்தார். பாதி வலி அங்கேயே குறைந்தாற்போல இருந்தது.

குடையோடு வருகிற ஆளை யார் என்ன கேட்கப் போகிறார்கள்?

கேட்டார்கள். பெரியநாயகம் என்று ஒரு சீடர், அவருக்கு வாய் சும்மா இருக்காது. மண்டையைப் பிளக்கிற வெயிலிலும் குடை மடங்கியே இருப்பதைப் பார்த்துவிட்டார்.

"என்ன அண்ணே, குடை கறுத்துடும்னு வெயில் படாம பார்த்துக்கறீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். மாசிலாமணியும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்த மாதங்களில் அம்மாவின் வேகம் கூடிக்கொண்டே போயிற்று. ஒரு மணி நேரம் பிடிக்கிற கரை முக்கால் மணியில் முடிந்தது. குடை ஊன்றியும் மாசிலாமணியால் கூடப் போக முடியவில்லை. தன்னைக் கழற்றிவிடத்தான் அம்மா இப்படி ஓடுகிறார் என்று நினைத்து உள்ளுக்குள் நொந்துபோனார். நடை முடிந்து மற்றவர்கள் பாடத்தைப் பற்றிப் பேசும்போது, கேட்டவர் மாதிரியே தலையை ஆட்டுவார்.

ஐப்பசியில் ஒருநாள், பாதிக் கரையில் மழை பிடித்துக்கொண்டது.

சீடர்கள் மதகடி மண்டபத்துக்கு ஓடினார்கள். பெரியநாயகம் மட்டும் இவரிடம் திரும்பி வந்தார்.

"அண்ணே, குடையை விரிங்க. அம்மாவுக்குப் பிடிக்கலாம்."

"விரியாதுப்பா."

"என்னது?"

"கம்பி மடங்கிப் போச்சு. விரியாது."

பெரியநாயகம் குடையைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

"விரியாத குடையைத் தினம் தூக்கிட்டு வர்ற ஆளை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்" என்று கரை முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு மண்டபத்துக்கு ஓடினார்.

குரு நனைகிறார். கையில் குடையை வைத்துக்கொண்டு சீடன் இல்லை என்கிறான். மாசிலாமணிக்கு உடம்பெல்லாம் கூசியது.

அம்மா ஓடவில்லை. இருபது அடி முன்னால், முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். மாசிலாமணி பக்கத்தில் வரும்வரை நின்றார். பிறகு கையை நீட்டினார்.

"அந்தக் குடையை இப்படிக் கொடுங்க."

"விரியாதும்மா."

"பரவாயில்ல. கொடுங்க."

கொடுக்காமல் என்ன செய்வது? கொடுத்தார்.

அம்மா நான்கு அடி போய்த் திரும்பிப் பார்த்தார்.

"வாங்க ஐயா. ஏன் நிக்கிறீங்க?"

மாசிலாமணி வலது காலை எடுத்து வைத்தார். ஈரமண்ணில் கால் வழுக்கி, குதிகால் அழுந்தி, வலி தலைக்கு ஏறியது. அதற்கு மேல் அவரால் ஒன்றையும் மூடிவைக்க முடியவில்லை.

"அம்மா, அது விரியும். நான் பொய் சொன்னேன். விரிச்சுட்டா ஊன்ற முடியாது. எனக்குக் குதிகால் வலி. நாலு மாசமாச்சு. நீங்க பேசுறதுல பாதி என் காதுல விழறதே இல்ல. விழுந்த மாதிரி தலையாட்டிக்கிட்டிருக்கேன். என்னைக் காய் நறுக்க அனுப்பிடுங்க. ஆனா அதைத் திருப்பிக் கொடுத்தாத்தான் அடுக்களைவரைக்குமாவது என்னால வர முடியும்."

மழையில் யாருக்குத் தெரியப் போகிறது என்று அழுதார்.

அம்மா திருப்பிக் கொடுக்கவில்லை. குடையை விரிக்கவும் இல்லை. இரண்டு கையையும் அதன் பிடிமேல் வைத்தார். உடம்பின் பாரத்தை அதில் இறக்கினார். இடது பாதத்தை மெல்லத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு, கண்ணை மூடி, நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

அந்த மூச்சு எதனால் வரும் என்று மாசிலாமணிக்கு நன்றாகத் தெரியும்.

"அம்மா, உங்களுக்குமா?"

"ஆடி மாசத்திலேருந்து. வேகமா நடந்தா சீக்கிரம் முடிஞ்சிடுமேன்னு ஓடிக்கிட்டிருக்கேன்."

மண்டபத்திலிருந்து எல்லோரும் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாசிலாமணி குரலைத் தாழ்த்தினார்.

"அப்போ குடை கேட்டது மழைக்கு இல்லையாம்மா?"

"விரியாதுன்னு பெரியநாயகம் கத்தினாரே, அதைக் கேட்டதுக்கு அப்புறம்தான் கையை நீட்டினேன்" என்றார் அம்மா. "விரியாத குடைன்னா, ஏன் விரிக்கலைன்னு என்னை யாரும் கேட்க மாட்டாங்க பாருங்க."