ஓவிய வாத்தியாரின் ஸ்பிரிங்

கோட்டாறு பக்கம் இருந்த மின்சார சைக்கிள் பட்டறையில் குருவுக்கு முப்பது வயது, சீடருக்குத் தலை முழுக்க நரை. குரு பெனிட்டா. சீடர் ஞானசிகாமணி, பாதி ஆயுளை லாரிப் பட்டறையில் கழித்தவர். புதுசாக ஒன்றைக் கற்காமல் சாகக் கூடாது என்ற பிடிவாதத்தில் அவளிடம் வந்து சேர்ந்தார். "ஆசானே" என்று கூப்பிட ஆரம்பித்தது கிண்டலுக்குத்தான். கொஞ்ச நாளில் கிண்டல் போய்விட்டது, சொல் மட்டும் நின்றுவிட்டது.

அன்று காலையில் அவர் முகம் செத்துப்போயிருந்தது. காரணம் ஓவிய வாத்தியார் மாசிலாமணி.

வாத்தியாருக்கு முதுகில் ஆபரேஷன் ஆகியிருந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டு போக முடியாது. பள்ளிக்கூடத்துச் சாலையோ குண்டும் குழியும். பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் வைத்த மின்சார சைக்கிளை நம்பித்தான் மறுபடி வேலைக்குக் கிளம்பியிருந்தார். அந்த ஸ்பிரிங்கைச் சரிசெய்யும் வேலையைப் பெனிட்டா சீடரிடம் விட்டிருந்தாள்.

முறை என்னவோ எளிதுதான். ஆள் ஏறி உட்கார்ந்தால் ஸ்பிரிங் ஓரளவு அமுங்க வேண்டும். எவ்வளவு என்பதை ஷாக் அப்சார்பரின் தண்டில் மாட்டியிருக்கும் சின்ன ரப்பர் வளையம் நகர்ந்து காட்டும். குறைவாக அமுங்கினால் தளர்த்த வேண்டும், கூடினால் இறுக்க வேண்டும்.

ஞானசிகாமணி அளந்தார். வளையம் அசைய மாட்டேன் என்றது. தளர்த்தி அனுப்பினார். பள்ளத்தில் ஸ்பிரிங் அடிவரை போய் முட்டுகிறது என்று வாத்தியார் திரும்பி வந்தார். இறுக்கி அனுப்பினார். இப்போது தூக்கிப் போடுகிறது என்று வந்தார். மறுபடி அளந்து, மறுபடி தளர்த்தினார். இதோ, மறுபடி வந்து நிற்கிறார்.

"இன்னைக்கும் வலிச்சா வண்டிய வித்துருவேன். வேலையையும் எழுதிக் குடுத்துருவேன்" என்றார் வாத்தியார்.

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

ஞானசிகாமணி பெனிட்டாவிடம் போனார். "ஆசானே, லாரியில பாரம் ஏத்துனா ஏத்துனதுதான். இந்த மனுசன் எடை கடையில ஒண்ணு காட்டுது, ரோட்டுல ஒண்ணு காட்டுது. எம்புட்டு இறுக்கணும்னு நீங்களே சொல்லிருங்க."

அவள் ஸ்பேனரை எடுக்கவில்லை. ஒரு அட்டையும் கறுப்புப் பேனாவும் எடுத்து வந்தாள்.

"சார், ஏறுங்க. கால் ரெண்டும் பெடல்ல இருக்கட்டும். அண்ணாச்சி வண்டியப் பிடிச்சுக்கிடுவாவ."

ஞானசிகாமணி வண்டியைத் தாங்க, வாத்தியார் ஏறி, முதுகு நோகாதபடி ஹேண்டில்பாரில் கையை ஊன்றி இறுகப் பிடித்துக்கொண்டார்.

"கடைக்கு ஒரு போர்டு வைக்கணும். ஒரு சைக்கிள் வரைஞ்சு தாறீங்களா?"

"இப்பமா? இதுல உக்காந்துக்கிட்டா?"

"ஆமா சார்."

பேனாவுக்காக ஒரு கையை எடுத்தார். அட்டையைப் பெனிட்டா பிடித்துக் கொடுக்கவில்லை, இன்னொரு கையையும் எடுக்க வேண்டியதாயிற்று. முதல் கோடு நடுங்கிக்கொண்டே வந்தது.

"சக்கரம் கோணலா இருக்கே" என்றாள் பெனிட்டா.

ஓவிய வாத்தியாரிடம் சொல்கிற பேச்சா அது?

"கோணலா? சாய்வாப் பாத்தா அப்படித்தாம்மா தெரியும். பொறு" என்றவர், ஆரக்கால், பெடல், மணி என்று படத்துக்குள்ளேயே இறங்கிவிட்டார்.

ஞானசிகாமணி குனிந்து பார்த்தார். வாத்தியாரின் தோள் தளரத் தளர சீட் இறங்கியது. ரப்பர் வளையம் நகர்ந்தது, இன்னும் நகர்ந்தது. இவ்வளவு எடையும் இத்தனை நாள் எங்கே போயிருந்தது? அவருக்குப் புல்லரித்தது. எத்தனையோ மேஸ்திரிகளிடம் கைவேலை பார்த்திருக்கிறார், இப்படி ஒரு வேலையைப் பார்த்ததில்லை.

வளையம் நின்ற பிறகுதான் பெனிட்டா ஸ்பேனரை எடுத்தாள். அவரை இறக்கி, ஸ்பிரிங்கை இறுக்கி, திரும்பவும் ஏற்றி, படத்தை முடிக்கச் சொல்லி ஒரு தரம் சரிபார்த்தாள். அவ்வளவுதான்.

வாத்தியார் கிளம்பினார். தெரு முனையில் பெரிய வேகத்தடை. ஞானசிகாமணி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். சைக்கிள் ஏறி இறங்கியது. வாத்தியார் திரும்பிப் பார்க்காமலே ஒரு கையைத் தூக்கி ஆட்டிவிட்டு, பள்ளிக்கூடப் பக்கம் வளைந்து போனார்.

"எத்தன சுத்து இறுக்குனீங்க, ஆசானே?"

"எண்ணலியே."

"நானும் ஒவ்வொரு தடவையும் உக்காரவச்சுத்தான அளந்தேன்?"

பெனிட்டா கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒவ்வொரு தடவையும் சார் ஏறுனாவ, அண்ணாச்சி. உக்காந்தது இன்னைக்குத்தான்."