பனி வளையத்தின் கதவு திறந்த நாள்

மூன்று பேர் செய்த காரியத்தைச் சொல்கிறேன். எடை போட வேண்டியது நீங்கள்.

வெண்கோள் என்ற பெரிய கோளைச் சுற்றி ஒரு பனி வளையம். அதில் குடியிருந்தவர்கள் வளையத்தார். அதே கோளின் நிலவில் வாழ்ந்தவர்கள் நிலவத்தார். பனியை வெட்டி எடுக்கும் உரிமை யாருக்கு என்று தொடங்கிய சண்டை, முப்பது ஆண்டுகளாக இரு குலத்திலும் உயிர்களைக் குடித்துக்கொண்டிருந்தது.

வளையத்தின் கப்பல்துறைக் கதவுக்குக் காவல் தலைவி இளவெயினி. பகைவர் கப்பல் எதற்கும் கதவைத் திறப்பதில்லை என்று குலத்துக்குச் சத்தியம் செய்து கொடுத்தவள். ஆனால் அவள் மனம் கொடுத்ததோ நிலவத்து மாலுமி பரிதிக்கு. கைதிகளை மாற்றிக்கொண்ட ஒரு நாளில் இருவரும் சந்தித்தார்கள். பிறகு இரண்டு ஆண்டுகள் வானொலியில் மட்டுமே பேச்சு. கதவருகே பீரங்கியைக் கையாண்டவன் அவள் அண்ணன் வேள்மாறன். அவன் மனைவி நிலவத்தாரின் குண்டுக்குப் பலியாகி ஓராண்டுகூட ஆகவில்லை.

ஒருநாள் சூரியப் புயல் வீசியது. அறுபது பேரை ஏற்றி வந்த பரிதியின் கப்பல் அதில் சிக்கிச் சிதைந்து, வளையக் கதவின் எதிரே வந்து நின்றது. உள்ளே ஒரு மணி நேரத்துக்குத்தான் காற்று இருந்தது.

வளையத்தாரின் தலைவர் வானொலியில் பேசினார். "நிலவின் காவலைத் தாண்டி நுழையும் ரகசிய வழியைச் சொல். கதவு திறக்கும்."

"சொன்னால் இந்த அறுபது பேர் பிழைப்பார்கள், அங்கே ஆயிரக்கணக்கானோர் சாவார்கள்" என்றான் பரிதி. "என்னை வேண்டுமானால் கொன்றுவிடுங்கள். இவர்களை உள்ளே விடுங்கள்."

தலைவர் இரங்கவில்லை. "அந்தக் கப்பல் உள்ளே நுழைய முயன்றால் சுட்டுவிடு" என்று வேள்மாறனுக்கு ஆணையிட்டார்.

இளவெயினி கதவின் விசையில் கை வைத்தாள். "அண்ணா, நான் திறக்கப் போகிறேன். என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்."

"அவன் அதில் இருக்கிறான் என்பதற்காகவா?"

"அவன் இல்லாவிட்டால் திறந்திருப்பேனா என்று கேட்காதே, அண்ணா. எனக்கே தெரியவில்லை."

கதவு திறந்தது. பரிதியின் கப்பல் தட்டுத்தடுமாறி நகர்ந்து வந்தது. வேள்மாறனின் விரல் பீரங்கியின் விசை மேலேயே இருந்தது. கப்பல் முழுதாக உள்ளே வந்துவிட்டது, அவன் சுடவே இல்லை. பிறகு எழுந்து போய், மூச்சுத் திணறி வெளியே விழுந்த ஒரு நிலவத்துப் பெண்ணைத் தூக்கி உட்காரவைத்தான்.

உயிரே போனாலும் ரகசியத்தைச் சொல்லாத பரிதி, சத்தியத்தை மீறிய இளவெயினி, ஆணையை மீறிய வேள்மாறன். இம்மூவரில் யார் செய்தது பெரிது?

விடை: வேள்மாறன் செய்ததே. பரிதி காத்தது தன் குலத்தை. இளவெயினிக்குத் துணிவு இருந்தது, அந்தத் துணிவுக்குப் பின்னால் காதலும் இருந்தது. வேள்மாறனுக்கோ அந்தக் கப்பலில் வேண்டியவர் ஒருவருமில்லை. சுடுவதற்கு ஆணை இருந்தது, ஆத்திரமும் இருந்தது. இருந்தும் அவன் கையை அடக்கிக்கொண்டான். இளவெயினி பதவியை இழந்தாள். ஆனால் புயல் ஓய்ந்ததும் வளையத்தார் திருப்பி அனுப்பிய அறுபது பேரையும் உயிரோடு கண்ட நிலவத்தார், முதன்முறையாகச் சமாதானம் பேச ஆள் அனுப்பினார்கள். உடன்படிக்கை கையெழுத்தான மாதமே இளவெயினிக்கும் பரிதிக்கும் திருமணம். பெண் வீட்டார் சார்பில் முன்நின்று நடத்தியவன் வேள்மாறன்.